சட்டையும் கைலியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் பொந்தியான் மாவட்டம் அமைந்துள்ளது. அங்குள்ள பெக்கான் நானாஸ் வட்டாரம் அன்னாசிக்குப் பெயர்பெற்றது. குக்கூப் கடலோரத்தில் மீன்பிடித் தொழில் நடைபெறுகிறது. விடியுமுன் எழுந்து பாடுபடும் விவசாயிக்கும் மீனவருக்கும் உழைப்பிற்கேற்ற பலன் கிடைக்கிறதா? ஒருவர் ஏழையா இல்லையா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

முதலாமவர் ஆடம் ஸ்மித். இவர் 1723ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்ததால், தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். 14 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; பின்னர் அங்கேயே பேராசிரியராகவும் விளங்கினார். 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற இவரது நூல், பொருளியல் துறைக்கு அடித்தளம் இட்டது.

கருவூலத்தில் குவிந்திருக்கும் தங்கமே நாட்டின் செல்வம் என்று பலர் நம்பிய காலம் அது. மக்களின் உழைப்பால் உருவாகும் பொருள்களே உண்மையான செல்வம் என்றார் ஸ்மித். இதனை விளக்க, அவர் ஒரு குண்டூசிப் பட்டறையைக் காட்டினார். பயிற்சியில்லாத ஒருவர் தனியாக முயன்றால் ஒரு நாளில் 20 ஊசிகள்கூடச் செய்ய இயலாது. வேலையைப் பகிர்ந்து செய்தால், பத்துப் பேர் 48,000 ஊசிகளுக்கு மேல் செய்துவிடலாம்.

ஸ்மித் மற்றொரு கருத்தையும் முன்வைத்தார். உயிர்வாழ உதவும் பொருள்கள் மட்டுமே அடிப்படைத் தேவை அல்ல; பிறர் முன் கூச்சமின்றி நடமாடத் தேவையான பொருளும் அடிப்படைத் தேவையே. அவர் காலத்து ஐரோப்பாவில், சாதாரணக் கூலித் தொழிலாளியும் நார்த்துணிச் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார் என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மலேசியாவில் ஒருவர் கைலிகளை எண்ணினார். அவரே அரசப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ். ஜொகூர் அரச வழியில் வந்த இவர், 1922இல் லண்டனில் பிறந்தார். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியிலும் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

கிராமத்து வறுமையை அறிய உங்கு அசிஸ் எளிய வழியொன்றைக் கண்டார். ஒரு வீட்டிலுள்ள கைலிகளின் எண்ணிக்கையை, ஒரு வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தார். எடுத்துக்காட்டாக, எட்டுப் பேர் வாழும் வீட்டில் ஆறு கைலிகளே இருந்தால், ஆளுக்கு ஒன்றுகூட இல்லை என்பது தெளிவாகும். உடுத்தவும் உறங்கும்போது போர்த்தவும் குழந்தைக்குத் தொட்டில் கட்டவும் பயன்படும் கைலிக்கே தட்டுப்பாடு என்றால், அந்த வீட்டின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கிராமத்து மக்கள் சோம்பேறிகள் என்பதால்தான் ஏழைகளாக உள்ளனர் என்ற கூற்றை அவர் ஏற்கவில்லை. குறைந்த விளைச்சல், சுரண்டல், புறக்கணிப்பு ஆகியவையே வறுமைக்குக் காரணங்கள் என்றார். ஒரு மீனவர் வலை வாங்கக் கடன் பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்த வணிகரிடமே அவர் மீனை விற்க வேண்டும். அரிசியையும் அவரிடமே வாங்க வேண்டும். இரண்டுக்கும் விலையை வணிகரே முடிவு செய்கிறார். இந்நிலையில், எவ்வளவு உழைத்தாலும் மீனவர் கையில் பணம் தங்குமா?

குறைகளைச் சுட்டியதோடு உங்கு அசிஸ் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் பலர் ஹஜ் பயணத்திற்காகத் தலையணையிலும் மெத்தையிலும் பணத்தை மறைத்து வைத்தனர்; நிலத்தையும் கால்நடைகளையும் விற்றனர். இதற்கு மாற்றாக, 1959இல் அவர் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்மொழிந்தார். அதுவே பின்னாளில் தாபோங் ஹஜி நிறுவனமாக வளர்ந்தது. 1971இல் கூட்டுறவுக் கழகங்களை ஒன்றிணைக்கும் அங்காசா அமைப்பு உருவாகவும் அவர் வழிவகுத்தார். சிறு உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடினால், விலை பேசும் வலிமை அவர்களுக்குக் கிடைக்கும் என்பது அவரது நம்பிக்கை. அவர் 2020இல் காலமானார்.

ஸ்மித் சட்டையைப் பார்த்தார். உங்கு அசிஸ் கைலியை எண்ணினார். எண்களுக்குப் பின்னால் மனிதர்களின் மானம் இருப்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். இன்று பெரும்பாலான வீடுகளில் கைலிக்குப் பஞ்சமில்லை. அப்படியானால், இன்றைய வறுமையை அறிய ஒரு வீட்டில் எதனை எண்ண வேண்டும்? மாணவர்களே, சிந்தியுங்கள்.