குடலின் நஞ்சு கண்ணுக்குப் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 56. சர்க்கரை நோய் வந்து 12 வருடம் ஆகிறது. சமீபத்திய பரிசோதனையில் விழித்திரையில் லேசான பாதிப்பு தொடங்கியிருக்கிறது என்றார்கள். ‘குடல் பாக்டீரியாவின் நஞ்சுதான் கண்ணைக் கெடுக்கிறது, புரோபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் போதும்’ என்று உறவினர் வற்புறுத்துகிறார். சாப்பிடலாமா டாக்டர்?
– வாசகர், விருதுநகர்

பதில்: நஞ்சைப் பற்றி உங்கள் உறவினர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். மாத்திரையைப் பற்றிச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

குடலில் வாழும் பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் உண்டு. எண்டோடாக்சின் என்று சொல்வது இதைத்தான். குடலுக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. குடல் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பு தளர்ந்தால் ரத்தத்தில் கசியும். உடனே நோய் எதிர்ப்புச் செல்கள், கிருமியே நுழைந்துவிட்டதுபோல அழற்சியைக் கிளப்பும். கொழுப்பு மிகுந்த தீனியை நான்கு வாரம் தின்ற சுண்டெலிகளின் ரத்தத்தில் இந்தப் பொருள் இரண்டு மூன்று மடங்கு கூடியதை 2007-இல் பாட்ரிஸ் கானி குழுவினர் காட்டினார்கள்.

அது கண்வரை எட்டுமா? எட்டும். 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் பாதத்தில்தான் எண்டோடாக்சினை ஊசி போட்டார்கள். அழற்சி வந்தது கண்ணுக்குள். இன்னும் வியப்பானது 2024-இல் வந்தது. சிஆர்பி1 என்ற மரபணு பழுதானால் பரம்பரையாகப் பார்வை போகும். இதே பழுதுள்ள சுண்டெலிகளில் குடல் சுவரும் பலவீனப்பட்டு, பாக்டீரியாக்களே விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சேதம் குறைந்தது. கண் நோய் என்று மட்டுமே நாங்கள் நினைத்திருந்த ஒன்றுக்குக் குடலிலும் வேர் இருக்கிறது என்பது எங்கள் துறைக்குப் பெரிய செய்தி. ஆனால் அது வேறு நோய், சோதித்ததும் சுண்டெலியில். இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கு வந்திருப்பது சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனப்படும் நோய். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள், இந்நோய் உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்கள் ஆரோக்கியமானவர்களுடையதிலிருந்து மாறுபட்டிருப்பதைக் கண்டார்கள். அதனால் கண் கெட்டது என்று முடிவுகட்ட முடியாது. சர்க்கரை நோயும் குடலை மாற்றும், அதற்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் மாற்றும்.

எந்த புரோபயாடிக்கும் மனித விழித்திரைப் பாதிப்பைக் குணப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை. சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கோ நிரூபணம் இருக்கிறது: 1998-இல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ரத்த அழுத்தத்தையும் அதே கண்டிப்போடு கவனியுங்கள்.

குடலுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், கீரை, அவரைக்காய், முழுப் பயறு, கொண்டைக்கடலை என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட், குடல் சுவரை உறுதியாக்கும். சோற்றின் அளவு குறைந்து சர்க்கரையும் இறங்கும். தயிர், மோர் தாராளமாகச் சேர்க்கலாம்.

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுச் செய்யும் பரிசோதனையை, பார்வை நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். டாக்டர் அதற்கு முன்பே வரச் சொன்னால் போய்விடுங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ, அன்றைக்கே விழித்திரை நிபுணரைப் பார்க்க வேண்டும்.