ஆற்காட்டு நவாபின் கடனும் செங்கற்பட்டு ஏரிகளும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரஞ் செல்வோர், ஆங்குள்ள வராக மண்டபத்தைக் கண்டு வியவாது மீள்வதில்லை. வராகத்தின் வடிவால் பெயர்பெற்ற பொன் நாணயமொன்று முற்காலத்தில் தென்னாட்டில் வழங்கியது, அதுவே வராகன். ஐரோப்பியர் அந்நாணயத்தைப் 'பகோடா' என்றனர். மாமல்லபுரத்தையும் 'ஏழு பகோடா' என்றே அழைத்தனர். கோயிலுக்கும் காசுக்கும் ஒரே பெயரிட்ட அவர்களுட் சிலர், இந்நாட்டில் ஈட்டிய வராகன்களைக் கொண்டு இலண்டன் அரசியலையும் வளைக்க முயன்றனர். பொருளுடையார் மறைவில் நின்று அரசினரைத் தம் வழிப்படுத்துவதால் விளையுந் தீங்கை உணர்தற்கு இவ்வரலாறு தக்கதொரு பாடமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

1763-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, தமக்குப் படைத்துணை செய்த கிழக்கிந்தியக் கும்பினியாருக்குச் செங்கற்பட்டுச் சீர்மையை ஜாகீராக அளித்தார். ஆயினும் 1780 வரையில் அவரே அதனைக் குத்தகைக்கு எடுத்து வரி தண்டிவந்தார். போர்ச்செலவும் ஆடம்பரமும் பெருகவே, அவர் கடன் வாங்கலாயினார். கடன் கொடுத்தவர் யாவர் எனின், பெரும்பாலும் அக்கும்பினியின் உத்தியோகஸ்தரே! சிறு சம்பளம் பெற்றவரும் நவாபுக்குப் பெருந்தொகை கொடுத்ததாகப் பத்திரம் வைத்திருந்தனர். ஈடாக எழுதப்பட்டதோ, குடிகள் விளைவிக்கும் நெல்லின்மேல் வரும் வரி. நவாபைக் கண்காணிக்க வேண்டியவரே அவரிடம் வட்டி வாங்குவோரானால் நடுவுநிலை எங்ஙனம் நிற்கும்?

1773-இல் நவாபு கும்பினிப் படையின் துணைகொண்டு தஞ்சாவூரைக் கைப்பற்றினார். அதனை மன்னர் துளஜாவிடம் மீட்டுக் கொடுக்குமாறு இலண்டன் டைரக்டர்கள் கட்டளையிட, சென்னைக் கவர்னர் பிகட் பிரபு 1776-இல் அவ்வாறே செய்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் உத்தியோகஸ்தர், தஞ்சை விளைவின்மேல் நவாபு தமக்கு ஈடெழுதித் தந்துள்ளார் என்றும், தஞ்சையிலிருந்து தமக்கு வரவேண்டியது மொத்தம் 2,34,000 பவுன் என்றும் கோரிக்கை கொணர்ந்தார். கவர்னர் அதற்கு இணங்கவில்லை. சச்சரவு முற்றி, ஆலோசனைச் சபையாருட் பெரும்பாலோர் 1776 ஆகஸ்டு 24-ஆம் நாள் கவர்னரையே சிறைப்படுத்தினர். அவர் விடுதலை பெறாமலே 1777 மே மாதத்தில் இறந்தார். அவரைச் சிறைசெய்த சபையார் நால்வர்க்கும் இங்கிலாந்தில் விதித்த தண்டனை, தலைக்கு ஆயிரம் பவுன் அபராதமே.

பென்பீல்டு 1780-இல் பார்லிமெண்டு அங்கத்தினரும் ஆயினார். 1784-இல் இயற்றிய இந்தியச் சட்டம், நவாபின் கடன்களுள் மெய்யானவை எவை என ஆராயுமாறு டைரக்டர்களைப் பணித்தது. மேற்பார்வைச் சபையாரோ, அவ்வாராய்ச்சிக்கு இடங்கொடாது, ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் ஒதுக்கிக் கடனைத் தீர்க்குமாறு ஆணையிட்டனர். 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் எட்மண்டு பர்க் இதனைக் கண்டித்துக் காமன்ஸ் சபையில் நெடியதொரு பிரசங்கஞ் செய்தார். கடன் கொடுத்தோர் தேர்தலில் மந்திரிகளுக்குச் செய்த உதவிக்கு இது கைம்மாறு என்பது அவர் சாட்டிய குற்றம். பென்பீல்டு தம்மையுஞ் சேர்த்து எண்மரைப் பார்லிமெண்டுக்குக் கொணர்ந்தார் என்றும் அவர் கூறினார்.

அப்பிரசங்கத்தில் நம் நாட்டார் மறவாதிருக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. பார்னார்டு என்பவர் வரைந்த செங்கற்பட்டு ஜாகீர்ப் படத்தைக் கொண்டு, அதிற் கண்ட ஏரிகளைப் பர்க் எண்ணிப் பார்த்திருந்தார். அவை 1,100-க்கு மேற்பட்டன. இரண்டு மூன்று ஏக்கர் அளவிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரையில் அமைந்த இவ்வேரிகளே நாட்டின் உயிர் என்றும், இவற்றைப் பேணுதற்குரிய பொருளைக் கடன்பத்திரங்கள் விழுங்கலாகாதென்றும் அவர் வாதித்தார். சபையாரோ அவர் ஆதரித்த பிரேரணையைத் தள்ளிவிட்டனர். எங்கோ ஒரு மண்டபத்தில் எடுத்த கைகளால் இங்கே ஓர் உழவனின் மடை வறளக்கூடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

1801-இல் ஆற்காட்டு இராச்சியத்தைக் கும்பினியார் கைக்கொண்டபின், எஞ்சிய கோரிக்கைகளை ஆராயக் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டனர். 1814-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அவர்கள் தீர்ப்புக் கூறியவை 2 கோடி பவுனுக்கு மேற்பட்டன. ஏற்கப்பட்டதோ ஏறக்குறைய 13½ இலட்சமே. அஃதாவது, கணக்கைக் காட்டு என்றவுடன் பதினைந்தில் பதினான்கு பங்கு நில்லாது ஒழிந்தது! முன்னர் ஆராயாது கொடுத்த தொகையையும் இவ்வாறு ஆராய்ந்திருப்பின், எத்துணைப் பொருள் குடிகளுக்கு மிஞ்சியிருக்கும் என்பதை மாணவர்களே உய்த்துணர்க.

கணக்குக் கேட்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கி, இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் 919, 921. ஏரி வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விதிக்கின்றன. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் தேர்தற்கு உரியரல்லர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவ்வூரில் நிலமும் வேதப்பயிற்சியும் உடைய பிராமணர்க்கன்றி ஏனையோர்க்கு அச்சபையில் இடமில்லை. ஆதலின் அதனை இக்காலத்துக் குடியரசாகக் கருதுதல் பிழையாம். ஆயினும், ஏரியின் பொறுப்பை ஏற்பவன் கணக்குக்கும் பொறுப்பாளி என்னும் நெறி எக்காலத்திற்கும் ஏற்றதே.

அந்நெறி நம் காலத்தில் சட்டவடிவு பெற்றுள்ளது. தமிழ்நாடு 1997-இலும், இந்திய அரசு 2005-இலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றின. ஆயினும் 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம், கட்சிகளுக்குப் பொருள் கொடுத்தோர் பெயரை வாக்காளர் அறியாவண்ணம் மறைத்தது. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாக அதனைச் செல்லாதெனத் தீர்த்தனர். கட்சிக்கு வரும் பொருளை அறிவது வாக்காளனுக்குள்ள தகவலறியும் உரிமையைச் சார்ந்தது என்றனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், வாங்கினோர் பெயரும் பெற்ற கட்சிகளின் பெயரும் வெளியிடப்பட்டன.

அரசினரிடம் சென்று தம் குறையைக் கூறுதல் குற்றமோ எனின், அன்று. உழவரும், வணிகரும், ஆலை முதலாளிகளும் தத்தம் நன்மையை எடுத்துரைக்க உரிமையுடையரே. விண்ணப்பம் வெளிப்படையாயின், மறுப்போரும் விடை கூறுவர்; அதிகாரி இரண்டையும் சீர்தூக்குவான். பொருள் மறைவாகக் கைமாறின், மறுப்போன் எதனை மறுப்பான்? ஆகவே, பொருளின் மிகுதியைக் காட்டினும் அதன் மறைவே பெருந்தீங்காம்.

மாணவ நண்பர்களே! நும்முட் சிலர் நாளை உத்தியோகம் ஏற்பீர், சிலர் சங்கங்களின் பொருளாளராவீர், யாவரும் வாக்களிப்பீர். கணக்குக் கேட்பவனைப் பகைவனென்று எண்ணாதீர்கள். கேட்குமுன்னரே கணக்கை விரித்துக் காட்டப் பழகுங்கள். அடுத்த முறை மாமல்லபுரஞ் செல்லும்போது, வழியிற் காணும் ஏரிக்கரை ஒன்றில் சற்றே நில்லுங்கள். அக்கரை உடையாது காக்க மண்ணும் கல்லும் மட்டும் போதா. காட்டப்பட்ட கணக்கும் வேண்டும்.