கினிக்கோழியின் தோல்முட்டை: அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்

கடை வியாபாரத்தோடு உபதொழிலாகக் கினிக்கோழி வளர்க்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் முட்டையிடும்?" என்பதுதான். எப்படிப்பட்ட முட்டையிடும் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் போட்ட பணத்தில் ஒரு பகுதியை இழந்தேன்.

கடைக்குப் பின்னாலுள்ள தென்னங்காணியில் 30 குஞ்சுகளோடு ஆரம்பித்தேன். பண்ணைகளில் வளர்க்கும் முட்டைக் கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். கினிக்கோழிப் பேட்டுக்கு 26 முதல் 32 வாரம்வரை செல்லும். இது தெரியாமல், சீக்கிரம் முட்டை காணலாம் என்ற ஆசையில் நான்காம் மாதத்திலேயே குரோவர் தீனை நிறுத்தி லேயர் தீன் போட்டேன். லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் இருக்கும். வளரும் கோழிக்கு ஏறத்தாழ 1 வீதமே போதும். மிஞ்சியதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கோழிகள் செத்தன. மிருக வைத்தியர் ஒன்றை வெட்டி, சிறுநீரகம் வீங்கி வெள்ளை படிந்திருந்ததைக் காட்டினார். அன்றே மீண்டும் குரோவருக்கு மாறினேன்.

ஏழாம் மாதம் வேலியோரப் பற்றைக்குள் முதல் முட்டையைக் கண்டோம். (கினிக்கோழி கூட்டில் இடாது, ஒளித்துத்தான் இடும். தேடிப் பழக வேண்டும்.) அடுத்த நாட்களில் கிடைத்தவற்றில் சில மிகச் சிறியவை, சில சுண்ணாம்புப் பரு போட்டவை, சில வெறும் தோல்முட்டை. மனம் உடைந்து, எல்லாவற்றையும் இறைச்சிக்குக் கொடுத்துவிட ஒரு ஹோட்டல்காரரிடம் விலையும் பேசிவிட்டேன். வைத்தியர்தான் தடுத்தார். "முதலாளி, இளம் பேடு அப்படித்தான் இடும். மூன்று வாரம் பொறுங்கள்" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதில் 20 மணித்தியாலம் அளவு கோது படிவதற்கே போகிறது. இளம் பேட்டில் அந்த உறுப்பு இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. ஆகவே முட்டை சில நாட்களில் கோது படியுமுன்பே வெளியே வந்துவிடும். கோதில் 95 வீதமளவு கல்சியம் காபனேற்றுத்தான். அது பெரும்பாலும் இரவில், கோழி தீன் எடுக்காத நேரத்தில் படிகிறது. அந்நேரம் கல்சியம் வரவேண்டியது இரைப்பையிலிருந்தும் எலும்பிலிருந்தும்தான். தூளாகப் போட்ட சுண்ணாம்பு விரைவில் கழிந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவில் உடைத்த சிப்பியோ இரைப்பையில் தங்கி மெல்லக் கரையும். எனவே முதல் முட்டையைக் கண்டதும் லேயர் தீனுக்கு மாறி, மாலையில் தனித் தட்டில் சிப்பி வைத்தேன். தீனோடு கலக்கவில்லை. இடும் பேடு தேவைக்கு எடுக்கும், சேவல் பெரும்பாலும் அதைத் தொடாது.

நமது நாட்டு வெயிலையும் மறக்கக்கூடாது. கோழி வாய் திறந்து இளைக்கும்போது இரத்தத்தின் இரசாயன நிலை மாறி, கோது மெலிந்துவிடும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்றாம் வார முடிவில் தோல்முட்டை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால், அல்லது ஒழுங்காக இட்ட கோழி திடீரென மெல்லிய கோது போட்டால், அது நோயாக இருக்கலாம். அப்போது சிப்பியை நம்பியிராமல் வைத்தியரை அழையுங்கள்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். கினி முட்டை 40 முதல் 45 கிராம்தான், கோழி முட்டையைவிடச் சிறியது. அதற்குள்ள பெரிய அனுகூலம் கெட்டியான கோது. லொறியில் போனாலும் உடைவு குறைவு. ஆரம்ப வார முட்டைகளைச் சந்தைக்கு அனுப்பினால் அந்தப் பெயரை நாமே கெடுத்துக் கொள்கிறோம். நான் அவற்றை வீட்டுச் சமையலுக்கே வைத்துக்கொண்டேன்.

அடைவைக்கக் கேட்டு வந்த ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சிறிய முதல் முட்டைகளில் பொரிப்பும் குறைவு, குஞ்சும் நலிவு. 26 முதல் 28 நாள் காத்திருந்து அவர் ஏமாந்திருப்பார். கையில் பணத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவரே திரும்பி வந்து 60 முட்டைகள் வாங்கினார்.