வேர்டில் வேலையைச் சுருக்கும் எஃப் விசைகள்

ஆய்வேடோ, சங்கத்தின் ஆண்டறிக்கையோ, தட்டச்சு செய்து முடித்த பிறகும் பாதி வேலை மிச்சம் இருக்கும். தலைப்புகளை ஒரே அளவாக்க வேண்டும், பத்திகளை இடம் மாற்ற வேண்டும், பொருளடக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மவுஸைத் தேடிக் கை அலைய வேண்டியதில்லை. விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப் விசைகளில் சிலவற்றைப் பழகினாலே போதும். இங்கே சொல்வது விண்டோஸ் கணினியில் உள்ள மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கானது.

1. முதலில் எஃப்12

பழகுவதற்கு ஒரு பழைய கோப்பைத் திறந்து எஃப்12-ஐ அழுத்துங்கள். 'சேவ் ஆஸ்' பெட்டி வந்தால், வேறு பெயரில் ஒரு நகலைச் சேமித்து அதில் பழகுங்கள். பெட்டி வராமல் ஒலியோ திரை வெளிச்சமோ மாறினால், உங்கள் மடிக்கணினியில் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பல மடிக்கணினிகளில் எஃப்.என்., எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இந்த நிலை நிரந்தரமாக மாறிவிடும்.

2. செய்ததைத் திரும்பச் செய்ய எஃப்4

கடைசியாகச் செய்த ஒரு செயலை எஃப்4 அப்படியே திரும்பச் செய்யும். ஒரு துணைத்தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்குங்கள். அடுத்த தலைப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்துங்கள், அதுவும் தடித்துவிடும்.

தடிமன், அளவு, நிறம் மூன்றையும் தனித்தனியாக மாற்றினால் கடைசி மாற்றம் மட்டுமே திரும்ப வரும். அதனால் கண்ட்ரோல்+டி அழுத்தி, எழுத்துருப் பெட்டியிலேயே மூன்றையும் மாற்றி ஓகே கொடுங்கள். வேர்டு அதை ஒரே செயலாகக் கொள்ளும்; பிறகு எஃப்4 மூன்றையும் சேர்த்துச் செய்யும். ஆல்ட் விசையில் மட்டும் விரல் படக் கூடாது. ஆல்ட்+எஃப்4 சாளரத்தையே மூடிவிடும்.

3. தேர்ந்தெடுக்க எஃப்8

ஒரு சொல்லுக்குள் கர்சரை வைத்து எஃப்8-ஐ இருமுறை தட்டினால் அந்தச் சொல் தேர்வாகும். மூன்றாம் முறை தட்டினால் வாக்கியமும், நான்காம் முறையில் பத்தியும் தேர்வாகும். கூடிப்போனால் ஷிஃப்ட்+எஃப்8 ஒரு படி குறைக்கும். எஃப்8-ஐ ஒருமுறை தட்டிவிட்டு முற்றுப்புள்ளியை அழுத்தினால், கர்சர் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த முற்றுப்புள்ளி வரை தேர்வாகும். இந்த நிலையில் இருக்கும்வரை எழுத்து விசைகள் தேர்வை நீட்டிக்கவே செய்யும். வெளியே வர எஸ்கேப் அழுத்துங்கள்.

4. விட்ட இடத்துக்குத் திரும்ப ஷிஃப்ட்+எஃப்5

நேற்று பாதியில் நிறுத்திய கோப்பைத் திறந்ததும் ஷிஃப்ட்+எஃப்5 அழுத்துங்கள். கடைசியாகத் திருத்திய இடத்துக்கே கர்சர் போகும். வேலையின் நடுவிலும், சற்றுமுன் திருத்திய இடங்களுக்கு இதே விசைகள் அழைத்துச் செல்லும். எஃப்5-ஐத் தனியாக அழுத்திப் பக்க எண்ணைக் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்கு நேரே போகலாம்.

5. அச்சுக்கு அனுப்பும் முன் எஃப்9

தானியங்கிப் பொருளடக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பக்கங்கள் கூடிக் குறைந்த பிறகும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல்+ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 கொடுங்கள். பக்க எண்கள் மட்டுமா, முழுப் பட்டியலுமா என்று கேட்டால், தலைப்புகளில் ஒரு சொல்லையாவது மாற்றியிருக்கும்போது முழுப் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் மேல், கீழ்க் குறிப்புகளில் உள்ள புலங்கள் (ஃபீல்டுகள்) இதில் சேராது. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

தமிழ் விசைப்பலகை இயங்கும்போதும் இந்த விசைகள் இப்படியே வேலை செய்யும். ஏதாவது ஒன்று மட்டும் மறுத்தால், தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் மொழி மாற்ற அந்த விசையை ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த வாரம் எஃப்4 மட்டும் போதும். கை அதற்குப் பழகியதும் எஃப்8-க்குப் போங்கள். எஃப்9-ஐ மட்டும் இன்றே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தவறான பக்க எண்ணோடு அச்சாகிவிட்ட ஆய்வேட்டைத் திருத்த எந்த விசையும் இல்லை.