அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள், கயல்

கண்ணு கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அரசியல் பேசி அப்பாவோடு சண்டை போட்டாயாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையெல்லாம் அழித்துவிட்டாயாம். உன் அம்மா சொன்னாள். சண்டைக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வாயாடி நீ, பேசாமல் இருந்தால்தான் எங்களுக்குப் பயம். அழித்ததுதான் மனசை உறுத்துகிறது.

ரால்ஃப் வெர்னி என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள கிளேடனின் நிலக்கிழார் குடும்பம். 1640இல் எய்ல்ஸ்பரி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அவையில் நடப்பதை அங்கேயே பென்சிலால் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். 1642 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் சார்லஸ் ஆயுதக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க அவைக்குள்ளேயே வந்துவிட்டார். ஐவரும் அதற்கு முன்பே நழுவிவிட்டார்கள். மன்னர் என்ன கேட்டார், சபாநாயகர் என்ன சொன்னார் என்பதற்கு இன்றைக்கும் வெர்னியின் குறிப்பு ஒரு சாட்சி.

அந்த வருஷமே உள்நாட்டுப் போர் மூண்டது. ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கம். அப்பா எட்மண்டோ போரில் மன்னரின் கொடியை ஏந்தியவர். அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் மாண்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பாவின் பெயரே கொண்ட தம்பியும் மன்னர் பக்கம்தான். அண்ணனைக் கண்டித்துக் கடுமையாக ஒரு கடிதம் போட்டார். பிறகு இன்னொன்றும் எழுதினார்: நீ அந்தப் பக்கம் போகாமலிருக்க என் வலது கையையே கொடுத்திருப்பேன், ஆனாலும் இதை வைத்து நமக்குள் பகை வர விடமாட்டேன் என்று. 1649இல் அயர்லாந்தில் ட்ரொஹெடாவில் அந்தத் தம்பியும் கொல்லப்பட்டார். திட்டிய கடிதம், அணைத்துக்கொண்ட கடிதம் இரண்டையுமே ரால்ஃப் தூக்கிப் போடவில்லை பார்.

அவருக்கும் நிம்மதி இல்லை. 1643இல் நாடாளுமன்றம் கேட்ட சமய உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்து பிரான்சுக்குப் போனார். சொத்து முடக்கப்பட்டது. அதை மீட்க மனைவி மேரி லண்டனுக்குத் திரும்பி, பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு பெரிய மனிதர்கள் வாசலெல்லாம் ஏறி இறங்கினார். 1648இல் மீட்டும் விட்டார். இரண்டே வருஷத்தில் ப்ளுவா நகரில் காலமானார். ரால்ஃப் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிரிந்திருந்த காலத்தில் இருவரும் எழுதிக்கொண்டவை இன்றும் இருக்கின்றன. வந்ததோடு நிறுத்தாமல், தான் எழுதியதற்கும் நகல் வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

கிளேடன் வீட்டில் 30,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் தேறின. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா பார்த்தினோப் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் அவற்றை வைத்துத் தொகுத்த குடும்ப வரலாறு 1892இல் அச்சேறியது.

நீயும் நோட்டில் எதையாவது கிறுக்கிக்கொண்டேதான் இருக்கிறாய், தங்கம். ஆனால் ஒரு பக்கத்திலும் தேதி இல்லை. முதலில் தேதி போடு. கோபத்தில் வந்ததை ஒரு மாதம் தொடாமல் வை. அப்பாவின் போனில் அந்தச் செய்திகள் இன்னும் இருக்கும். உன் பதில்களும் இருக்கும். அவரிடமே கேட்டு வாங்கிக்கொள். நீ கேட்டால் எதற்கு என்றுகூடக் கேட்காமல் அனுப்பிவிடுவான், அவனை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
பெரியப்பா