யார் வாங்குவார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 60 வீடுகள். சமையலறைக் கழிவைத் தனியே பிரித்து உரமாக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. அடுத்து பாக்கெட், பாட்டில், டப்பா, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்க நினைக்கிறோம். எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது என்று சங்கக் கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். ‘முக்கோண அம்புக்குறி போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள் சிலர். ‘பேப்பரும் பாட்டிலும் போதும்’ என்கிறார்கள் மற்றவர்கள். எப்படி முடிவு செய்வது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த முக்கோணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண், அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அடையாளம் அது. அதை மறுசுழற்சி செய்ய உங்கள் ஊரில் ஆள் உண்டா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அதனால் எண்ணை வைத்துப் பட்டியல் போடாதீர்கள்.

பட்டியலை வாங்குபவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு வீட்டின் ஒரு வார உலர் குப்பையைப் பையில் போட்டு, உங்கள் பகுதி பழைய பேப்பர் கடைக்கோ, மாநகராட்சியின் பிரிப்பு மையத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள். தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இதை எடுத்துக்கொள்வீர்களா? எப்படிக் கொடுத்தால் எடுப்பீர்கள்? உங்களிடமிருந்து இது எங்கே போகிறது? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பொருளை மட்டும் சேருங்கள்.

பெரும்பாலான ஊர்களில் தயங்காமல் எடுப்பவை: அட்டைப்பெட்டி, செய்தித்தாள், தகர டப்பா, அலுமினிய கேன், தண்ணீர் பாட்டில், ஷாம்பு, பினாயில் பாட்டில்கள். அலுமினியத்தை எத்தனை முறை உருக்கினாலும் தரம் பெரிதாகக் குறையாது. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட சுமார் 95 சதவீதம் ஆற்றல் மிச்சம். தண்ணீர் பாட்டில் துகளாகி, பாலியஸ்டர் இழையாகித் துணிக்கும் தலையணைக்கும் போகிறது.

கண்ணாடி பாட்டிலையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதைப் பையில் போடாமல் தனிக் கூடையில் வையுங்கள். உடைந்த சில்லு பிரிப்பவரின் விரலைத்தான் முதலில் பதம் பார்க்கும். வாங்க ஆளும் விலையும் இருந்தால் பாட்டில் தானாகவே திரும்பி வரும் என்பதற்கு நீலகிரி சாட்சி. 2022இல் அங்கே மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் யானைகள் நடக்கும் பாதையில் கண்ணாடிச் சில்லு கிடப்பதைத் தடுக்கத்தான் அது.

அடுத்தது, ‘சுத்தமாக இருந்தால் மட்டும்’ என்ற வரிசை. பால் பாக்கெட்டும் ஓட்டல் பார்சல் டப்பாவும் இதில் அடங்கும். மூன்று நாள் கட்டிவைத்த ஒரு பையைப் பிரிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கழுவாத ஒரே ஒரு பால் பாக்கெட். அதிலிருந்து கசிந்த பால் திரிந்து, கீழே இருந்த செய்தித்தாள் கட்டு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துக்கொண்டிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டையே ஒதுக்கி வைத்தார். நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய பேப்பர் குப்பைமேட்டுக்குப் போனது. பாக்கெட்டின் முனையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டியிருக்கும்படி கத்தரியுங்கள். ஒரு கை தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, பாக்கெட்டைக் கொடியில் காயப் போடுங்கள். இதைச் செய்ய முடியாத வீடு பால் பாக்கெட்டைக் கொடுக்காமலிருப்பதே மேல்.

மூன்றாவது வரிசை, கண்டிப்பாக மறுக்க வேண்டியவை. இங்கே இரக்கம் காட்டினால் மற்ற எல்லாம் கெடும். உதாரணத்துக்கு, மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் பி.வி.சி.யும் அலுமினியத் தாளும் ஒட்டிய பொருள் அது. ஆலையில் துகள்களைத் தண்ணீரில் போட்டுப் பிரிப்பார்கள். பாலித்தீன் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் மூழ்கும், பி.வி.சி.யும் கூடவே மூழ்கும். பெட்டை உருக்க ஏறத்தாழ 260 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலப் புகை விடும்; உருகிய பெட் மஞ்சளாகி வலுவிழக்கும். கொஞ்சம் கலந்தாலே போதும், நல்ல பாட்டில்கள் பல வீணாகிவிடும். எண்ணெய் ஊறிய அட்டை, கடை பில் வரும் ரசாயனப் பூச்சுத் தாள், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் ஆகியவற்றையும் பேப்பரோடு சேர்க்காதீர்கள். தெர்மாக்கோலில் பெரும்பகுதி காற்றுதான். அதை வண்டியில் ஏற்றினால் டீசல் செலவுகூடத் தேறாது என்பதால் அதை எடுப்பவர்கள் அரிது.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள்தான் உங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியவை அவை. எளிதில் பிரித்தெடுக்க வழியில்லாததால் கடைக்காரர் தொடமாட்டார். சிமென்ட் ஆலையின் சூளைக்கு எரிபொருளாக அனுப்பும் வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் காட்டிய தார்ச்சாலை முறையும் உண்டு. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் பூசிப் பிறகு தாரோடு கலக்கும் முறை அது. இப்படி எடுத்துப் போக உறுதியான ஆள் கிடைத்தால் தனிப் பையில் சேருங்கள். ஆனால் அந்தப் பையில் ‘மறுசுழற்சி’ என்று எழுதாதீர்கள்; ‘சூளைக்கு’ அல்லது ‘சாலைக்கு’ என்றே எழுதுங்கள். அந்த பாக்கெட் இன்னொரு பாக்கெட்டாகத் திரும்பி வராது என்று தெரிந்தால்தான் வாங்கும்போதே கை சற்றுத் தயங்கும். டெட்ரா பேக்கும் இதே கதைதான். முக்கால் பங்கு அட்டையாக இருந்தாலும், அதைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஏழெட்டுப் பொருளோடு தொடங்குங்கள். 60 வீடுகளும் தவறாமல் பிரிக்கும் எட்டுப் பொருள், பாதி வீடுகள் குழப்பிக்கொள்ளும் இருபது பொருளைவிட அதிகப் பயன் தரும். முதல் மாதம் முடிந்ததும் கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிய மூட்டையை எடைபோட்டு, சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவிழ்த்துக் காட்டுங்கள். அதில் என்ன இருக்கிறதோ, அதைப் பார்த்து அடுத்த மாதப் பட்டியலை எழுதுங்கள்.