ஒரு குழாய் இரத்தம், ஓர் எண்: ஆய்வக நுட்புநரின் பணியை அறிவோம்

மருத்துவமனைக்கு வருவோர் மருத்துவரை அறிவர், செவிலியரையும் அறிவர். ஆனால், பரிசோதனைத் தாளில் உள்ள எண்களைக் கண்டறிந்து தரும் ஆய்வக நுட்புநரை நேரில் கண்டவர் மிகச் சிலரே. அவர் பணி மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்வதால், எங்களிடம் இரண்டு வினாக்கள் ஓயாமல் கேட்கப்படுகின்றன. "இத்துணைச் சிறிது இரத்தத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா?" என்பது ஒன்று. "காலையில்தானே எடுத்தீர்கள், மறுபடியும் ஏன்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான வினாக்களே. அவற்றுக்கான விடையை இவ்விதழில் காண்போம்.

பெயரில் தொடங்கும் பணி

இரத்தம் எடுப்பவர், "நீங்கள் மீனாட்சியா?" என்று கேட்பதில்லை, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றே கேட்கிறார். அரைத் தூக்கத்தில் இருக்கும் நோயாளி எந்தப் பெயருக்கும் "ஆம்" என்று தலையசைத்துவிடக்கூடும். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடைய இருவர் ஒரே வார்டில் இருப்பது நம் பகுதியில் அரிதன்று. ஆகவே பெயருடன் வயதும் மருத்துவமனை எண்ணும் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. பெயர்ச்சீட்டும் நோயாளியின் அருகிலேயே ஒட்டப்படுகிறது. இரத்த வகைகளைக் காரல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டதிலிருந்து உலகம் அறிந்த உண்மை ஒன்று உண்டு: பொருந்தாத இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். குழாயில் பெயர் மாறினால், பின்னர் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும் அப்பிழை திருந்தாது.

மூடியின் நிறம் ஏன் வேறுபடுகிறது?

ஒவ்வொரு நிற மூடிக்குள்ளும் ஒவ்வொரு வேதிப்பொருள் உள்ளது. ஊதா மூடிக் குழாயில் உள்ள பொருள் இரத்தம் உறைவதைத் தடுக்கும். இரத்த அணுக்களை எண்ணுவதற்கு இது பயன்படுகிறது. வெளிர்நீல மூடிக் குழாய், இரத்தம் உறையும் திறனை அறிவதற்கு. அதில் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு இரத்தம் சேர வேண்டும். அளவு குறைந்தால் விடை பிழையாகும். சாம்பல் நிற மூடிக் குழாய் சர்க்கரைக்கு உரியது. வெளியே எடுத்த பின்னரும் இரத்த அணுக்கள் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கின்றன. சாதாரணக் குழாயில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறையலாம். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளூரைடு அந்த இழப்பைக் கட்டுப்படுத்துகிறது.

நான்கைந்து குழாய்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. நாங்கள் எடுப்பது பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிலிட்டர்தான்.

நேரம் எங்கே செல்கிறது?

சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் முழுமையாக உறைய அரை மணி நேரம் ஆகும். பின்னர் வேகமாகச் சுழலும் பொறியில் சுமார் பத்து நிமிடம் சுழற்றினால் தெளிந்த சீரம் மேலே பிரியும். அதன் பிறகே ஆய்வு தொடங்கும். இவற்றுள் எதையும் அவசரப்படுத்த இயலாது.

கடைக்காரர் தராசைச் சரிபார்த்த பின்னரே பொருளை நிறுப்பது போல, நோயாளியின் இரத்தத்துக்கு முன்பாக, அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒன்று கருவியில் இடப்படுகிறது. அதன் விடை நாள்தோறும் ஒரு வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. 1950இல் லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் மருத்துவ ஆய்வகங்களுக்கு அறிமுகப்படுத்திய முறை இது. புள்ளி எல்லை கடந்தால், காரணம் அறிந்து சரிசெய்யும் வரை அப்பரிசோதனை நிறுத்தப்படும்.

மறுபடியும் ஏன்? பொட்டாசியம் தரும் பாடம்

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. மிகுந்தாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும். இதனை அளக்கும் கருவியில், பொட்டாசியத்தை மட்டும் இனங்காணும் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதில் எழும் மின்னழுத்தமே எண்ணாக மாறுகிறது. இது மின்வேதியியல் துறையைச் சார்ந்தது. அத்துறைக்கென்றே, வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியில் உள்ளதை நீங்கள் அறிவீர்கள்.

கருவி நுட்பமானதாயினும், அதற்குள் செல்லும் இரத்தம் பழுதற்றதாக இருக்க வேண்டும். செவ்வணுவின் உள்ளே, வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேலான பொட்டாசியம் உள்ளது. ஊசி வழியே இரத்தம் அழுத்தமாக இழுக்கப்பட்டாலோ, குழாய் பலமாகக் குலுக்கப்பட்டாலோ செவ்வணுக்கள் உடையும், பொட்டாசியம் வெளியே கசியும், சீரம் செந்நிறமாகும். அந்நிறத்தைக் கண்டதும் நுட்புநர் அவ்விடையை நிறுத்திவைக்கிறார்.

அப்படியே அனுப்பினால் என்ன நேரும்? இயல்பான அளவு மிகுதியாகத் தோன்றி, தேவையற்ற மருந்து தரப்படலாம். அதைவிடக் கொடியது, உண்மையில் குறைந்திருக்கும் பொட்டாசியம் இயல்பானது போலத் தோன்றுவது. தேவையான மருந்து அப்போது கிடைக்காமலே போய்விடும். ஆகவே இரண்டாம் முறை ஊசி குத்துவது நோயாளியின் பாதுகாப்புக்காகவே.

விடை ஐயத்துக்கு இடமின்றி ஆபத்தான எல்லையில் இருந்தால், நுட்புநர் தாள் அச்சாகும் வரை காத்திருப்பதில்லை. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்து, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்து உறுதிப்படுத்துகிறார்.

வீட்டுக் கருவியும் ஆய்வக விடையும்

வீட்டில் 170, ஆய்வகத்தில் 155 என்றால் எது பொய்? இரண்டுமே பொய்யல்ல. சர்க்கரை 100க்கு மேல் இருக்கையில், வீட்டுக் கருவியின் விடை ஆய்வக விடையிலிருந்து 15 விழுக்காடு வரை வேறுபடுவதைப் பன்னாட்டுத் தரநிலை ஏற்கிறது. ஆயினும் மாம்பழம் உண்ட விரலைக் கழுவாமல் குத்தினால், கருவி விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்தே கணக்கிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

- வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் உணவின்றி இருங்கள். தண்ணீர் அருந்தலாம், காப்பி கூடாது.
- அன்று காலை இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ எப்போது எடுப்பது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
- இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் அதனைக் கூறுங்கள். முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரையையும் மறைக்க வேண்டா. அது சில தைராய்டு பரிசோதனைகளைத் திரித்துக் காட்டும்.
- இரத்தம் எடுக்கையில் கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்காதீர்கள். அதனாலும் பொட்டாசியம் உயர்ந்து தோன்றும்.
- டிரிப்ஸ் ஏறும் கையில் இரத்தம் எடுக்க நேர்ந்தால் உடனே சுட்டிக்காட்டுங்கள்.
- மறுபடியும் இரத்தம் கேட்டால் காரணத்தைக் கேளுங்கள். அதை அறிவது உங்கள் உரிமை. விளக்குவது எங்கள் கடமை.

தாளில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருப்பதைக் கண்டு நீங்களே மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டா. அந்த எண்ணுக்குப் பொருள் கூறுபவர் உங்கள் நிலையை முழுமையாக அறிந்த மருத்துவரே.